பொருளா, போய் வந்த நாளா? செலவு நோட்டு சொல்லித்தந்த வழி

பதினொரு வருஷமாகச் செலவு நோட்டு எழுதுகிறேன். என் வேலையே கணக்கெழுதுவதுதான். பகலில் அடுத்தவர் கணக்கு, ராத்திரியில் வீட்டுக் கணக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இரண்டு பெரிய செலவுகள் வந்தன. ஒன்று சோபா. இன்னொன்று அப்பாவைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனது. அவருக்கு அப்போது 72 வயது, அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தொகைதான் ஆனது.

சோபா வந்த அன்று வீட்டில் எல்லோரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தோம். கடலுக்குப் போன இரண்டு நாளும் விடாத மழை. தங்கிய அறையில் சுவரெல்லாம் ஈரம். மூன்று பேருக்கு ஒரே குடை. அந்த மாதக் கடைசியில் என்னைக் கேட்டிருந்தால், சோபாதான் உருப்படியான செலவு என்று சொல்லியிருப்பேன்.

இன்றைக்கும் தினமும் அந்த சோபாவில்தான் உட்காருகிறேன். உட்கார்ந்ததே தெரிவதில்லை. மடிக்காத துணி அதன்மேல் குவிந்து கிடக்கும்போதுதான் கண்ணில் படுகிறது. கடல் அப்படியில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த மழையிலிருந்து தொடங்கிவிடுவார். முதல் வருஷம் அலை முழங்கால்வரை வந்தது. இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது.

இதைப் பார்த்த பிறகுதான், எந்தச் செலவு மனசில் நிற்கிறது, எது நிற்பதில்லை என்று தேட ஆரம்பித்தேன். ஆராய்ச்சிகளைப் படித்தேன், என் நோட்டோடு ஒப்பிட்டேன். அதிலிருந்து எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். கையில் மிஞ்சும் பணம் கொஞ்சமாக இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அவர்களால் நிறையத் தப்புச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

பழைய செலவிலிருந்து தொடங்குங்கள்

கடந்த இரண்டு வருஷச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கு விவரம் போதும். வாடகை, மருந்து, பிள்ளைகள் படிப்பு என்று செய்தே ஆகவேண்டியதை விட்டுவிடுங்கள். நீங்களாக விரும்பிச் செய்த செலவுகளில் பெரியவையாக ஒரு பதினைந்தை மட்டும் தாளில் எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டும். முதலில், போன மாதம் அது எத்தனை முறை ஆசையாகக் கையில் வந்தது, அல்லது பேச்சில் வந்தது. பொருளானால் எடுத்துப் பயன்படுத்தியது, போய் வந்த இடமானால் நினைத்துப் பேசியது. இரண்டும் எனக்கு ஒரே கணக்குதான். அடுத்து, அதில் உங்களோடு இருந்தது யார். யாருமில்லையென்றால் ஒரு கோடு போடுங்கள். கடைசியாக, அதே பணம் இன்று கையில் இருந்தால் மறுபடியும் அதற்கே கொடுப்பீர்களா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடாதீர்கள். நான் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். பதினைந்தில் பதினொன்றுக்கு ஏழு என்று எழுதியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியவில்லை.

ஒரு செலவு நடந்து மூன்று மாதமாவது ஆன பிறகுதான் அதைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டும். புதுப்பொருளின் மினுக்கு அதற்குள் அடங்கிவிடும், பயணத்தின் எரிச்சலும் அடங்கிவிடும். கலிபோர்னியாவில் மூன்று வாரம் சைக்கிளில் சுற்றியவர்களையும் இன்னும் சில பயணிகளையும் வைத்து 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. பயணத்தின் நடுவே அவர்கள் சொன்னதைவிட, திரும்பி வந்தபின் நினைவிலிருந்து சொன்னது இனிமையாக இருந்தது. மழையும் களைப்பும் உதிர்ந்துபோக, மற்றது தங்கிவிடுகிறது. என் அப்பாவின் அலை உயர்ந்துகொண்டே போவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொருள் ஏன் மங்குகிறது

பழகிப்போவதுதான் முதல் காரணம். ஃபிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-இலேயே இதைப் பற்றி எழுதினார்கள். டிரெட்மில்லின் ஓடும் பட்டையில் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே இருப்பதுபோல, மனசு எந்த வசதிக்கும் பழகிப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது என்றார்கள். 1978-இல் பிரிக்மன் இன்னும் இருவரோடு சேர்ந்து, லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரை, பணம் விழாத 22 பேரோடு ஒப்பிட்டார். ஜெயித்தவர்கள் குறிப்பிடும்படியாக அதிக மகிழ்ச்சியில் இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைவாகவே இருந்தது. 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது. ஆனாலும் என் சோபாவின் கதை அதில் இருக்கிறது.

2003-இல் லீஃப் வான் போவன், தாமஸ் கிலோவிச் இருவரும் நேரடியாகவே கேட்டார்கள். சந்தோஷத்துக்காக நீங்கள் வாங்கிய ஒரு பொருளையும், சந்தோஷத்துக்காகச் செலவழித்த ஓர் அனுபவத்தையும் நினைத்துப் பாருங்கள், எது அதிகம் மகிழ்ச்சி தந்தது என்று. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். அனுபவம் என்றவர்கள் 57 சதவீதம், பொருள் என்றவர்கள் 34 சதவீதம். அந்த 34-ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

இரண்டாவது காரணம் ஒப்பிடுதல். என் தம்பி ஆசை ஆசையாக ஒரு போன் வாங்கினான். மூன்று வாரம் அதைக் கீழே வைக்கவில்லை. நான்காவது வாரம் அவனோடு வேலை பார்ப்பவர் அடுத்த மாடலோடு வந்தார். தம்பியின் போனில் எந்தக் கோளாறும் வரவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவன் முகம் மாறிவிட்டது. அதே தம்பி அந்த வருஷம் நீச்சல் கற்றுக்கொண்டான். வேறொருவர் அவனைவிட வேகமாக நீந்துகிறார் என்பதால், முதன்முதலாகத் தண்ணீரில் மிதந்த அன்று அவனுக்குக் கிடைத்தது குறையவில்லை. 1998-இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே கேட்ட கேள்விகளிலும் இப்படித்தான் வந்தது. அடுத்தவரைவிட அதிகமாக இருக்குமென்றால் தமக்குக் குறைந்த சம்பளமே போதும் என்று பாதிப்பேர் அளவுக்குச் சொன்னார்கள். விடுமுறை நாட்கள் என்று வந்தபோது அப்படிச் சொன்னவர்கள் கொஞ்சம்தான். அடுத்தவருக்கு எத்தனை நாள் கிடைத்தாலும் சரி, எனக்கு நிறைய நாள் வேண்டும் என்பதுதான் பெரும்பாலோர் பதில்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பொருள் வாங்காதே, பயணம் போ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. என் பதினைந்தில் அதிகம் ‘ஆம்’ விழுந்தவற்றில் ஒன்று தையல் மெஷின். அது பொருள்தானே? வாங்கிய மூன்றாம் நாளிலிருந்து சனிக்கிழமை மதியம் முழுக்க நானும் மகளும் அதன் முன்னால்தான். அவள் முதலில் தைத்த பை இன்னும் கதவில் தொங்குகிறது. பெரிய ‘இல்லை’ விழுந்தவற்றில் ஒன்று, ஐந்து நாளில் ஒன்பது இடம் பார்த்த பயணம். எந்த இடத்திலும் அரை மணிக்கு மேல் நிற்கவில்லை. நான்காம் நாள் வண்டிக்குள் தொடங்கிய சண்டை வீடு வந்த பிறகும் ஓயவில்லை.

டார்வின் குவேரா, ரையன் ஹவல் இருவரும் 2015-இல் எழுதியது எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. பொருளுக்கும் அனுபவத்துக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது என்கிறார்கள்: இசைக்கருவி, விளையாட்டுச் சாமான், புத்தகம் மாதிரி எதையாவது செய்வதற்காக வாங்குகிற பொருள். அவர்கள் ஆய்வில் அந்த வகை, அனுபவங்களுக்கு நிகரான நிறைவைத் தந்தது. மறுபுறம், 2009-இல் வந்த ஓர் ஆய்வின்படி, அனுபவம் கெட்டுப்போனால் அதன் மேன்மை போய்விடுகிறது. கெட்ட பொருளைவிடக் கெட்ட அனுபவம் மனசை அதிக நாள் அரிக்கவும் கூடும். என் ஒன்பது இடப் பயணம் அதற்குச் சாட்சி.

அதனால் பொருளா அனுபவமா என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போது கேட்பது இதுதான்: இந்தப் பணம் எத்தனை மணி நேரமாக மாறும், அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்? விடையைக் கற்பனையிலிருந்து எழுதக் கூடாது. அடுத்த நான்கு வாரத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம் என்று எழுதுங்கள். தையல் மெஷினுக்குச் சனிக்கிழமை மதியம் என்று உடனே எழுத முடிந்தது. அதற்கு முந்தைய வருஷம் வாங்கிய கேமராவுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு கிழமையும் எழுத முடிந்திருக்காது. ஆறு தடவை எடுத்தேன், இப்போது அலமாரியில் இருக்கிறது. கிழமை எழுத முடியவில்லையென்றால் முதலில் இரவல் வாங்கிப் பாருங்கள், அல்லது ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

யார் இருப்பார்கள் என்பது கடைசியாகச் சேர்த்துக்கொள்ளும் அலங்காரம் இல்லை. பீட்டர் கேப்ராரியெல்லோ, ஹாரி ரீஸ் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவத்தின் மேன்மையில் பெரும்பங்கு கூட இருக்கும் ஆட்களிடமிருந்து வருவதாகக் கண்டார்கள். தனியாகச் செய்த அனுபவங்களுக்குப் பொருள்களைவிட அதிக மதிப்பு விழவில்லை. தனியாக நடப்பதிலும் வாசிப்பதிலும் நிறைவு காண்கிறவர்கள் உண்டு, நானும் அதில் கொஞ்சம் சேர்த்திதான். அப்படிப்பட்டவர்கள் தங்கள் தாளில் கோடு விழுந்த வரிகளின் எதிரே ‘ஆம்’ இருக்கிறதா என்று பார்த்து, தங்களுக்குத் தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

வருத்தத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கினால் வருந்துவேனா, விட்டால் வருந்துவேனா? எமிலி ரோசன்ஸ்வைக், கிலோவிச் இருவரும் 2012-இல் காட்டியபடி, பொருள் விஷயத்தில் ஏன் வாங்கினோம் என்று வருந்துவதுதான் அதிகம். அனுபவ விஷயத்தில் ஏன் போகாமல் விட்டோம் என்று வருந்துவது அதிகம். என் நோட்டில் ‘விட்டது’ என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. பள்ளித் தோழிகள் பத்துப் பேர் கூடிய நாளுக்கு நான் போகவில்லை, செலவைக் கணக்குப் பார்த்து. மிச்சம் பிடித்த அந்தப் பணம் எங்கே போனது என்று என் நோட்டிலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவை தீராதவரிடம் அனுபவம் பேசாதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜேக்கப் லீ, டெபோரா ஹால், வெண்டி வுட் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வசதியுள்ளவர்களுக்கு அனுபவச் செலவு அதிக மகிழ்ச்சி தந்தது. வசதி குறைந்தவர்களுக்குப் பொருளும் அதே அளவு தந்தது, சில சமயம் அதற்கு மேலும். அந்த 34 சதவீதத்தில் எத்தனை பேர் அப்படி இருந்தார்களோ! இடுப்பு வலியோடு தரையில் படுப்பவருக்கு மெத்தைதான் சந்தோஷம்.

கடலுக்குப் போன நாளில் அப்பாவுக்குக் காது பாதிதான் கேட்டது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வயதானால் அப்படித்தான் என்று இருந்தோம். இரண்டு வருஷம் கழித்துத்தான் காது மிஷின் வாங்கினோம். பயணச் செலவைவிட அதிகம் ஆனது. அதைப் போட்ட வாரம் அவர் பேத்தியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அதுவரை தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவர். என் நோட்டில் பதினோரு வருஷத்தில் செய்த செலவிலேயே சிறந்தது எது என்று கேட்டால் அந்த மிஷின்தான். வரிசையை நான் மாற்றிச் செய்துவிட்டேன். மிஷின் முதலிலும் கடல் பிறகும் வந்திருக்க வேண்டும்.

போகிற செலவைச் செய்யும் விதம்

பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1998-இல் கேட்டபோது, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வாங்கியபின் பணம் கட்டுவதையும், விடுமுறைப் பயணத்துக்கு முன்னாலேயே கட்டிவிடுவதையும் மக்கள் விரும்பினார்கள். கடன் தலைக்குமேல் நின்றால் நாள் ருசிக்காது. பயணத்துக்குத் தவணை வேண்டவே வேண்டாம் என்பது கணக்கெழுதுகிறவளாக என் உறுதியான கருத்து. நினைவு மட்டும் மிஞ்ச வேண்டிய இடத்தில் மாதாமாதம் வட்டியும் வந்து நிற்கும்.

நாளைச் சீக்கிரமே குறியுங்கள். காத்திருப்பதும் அந்தச் செலவின் ஒரு பங்கு. 2014-இல் அமித் குமார், மேத்யூ கில்லிங்ஸ்வர்த், கிலோவிச் மூவரும், அனுபவத்துக்காகக் காத்திருக்கும்போது உற்சாகமும், பொருளுக்காகக் காத்திருக்கும்போது பொறுமையின்மையும் அதிகம் இருப்பதைக் கண்டார்கள். நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து 2010-இல் வந்த ஆய்வில், விடுமுறைக்குப் போக இருந்தவர்கள் போகாதவர்களைவிடப் புறப்படும் முன்பே மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பி வந்தபின் அந்த வித்தியாசம், மிக நிம்மதியாகக் கழித்தவர்களிடம் தவிர, தங்கவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. பெரிய பயணம் ஒன்றைவிடச் சின்னதாக நான்கு நல்லது, எதிர்பார்ப்பு நான்கு முறை வரும். போனால் ஓடக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு இடம்.

முடிவை நன்றாக வையுங்கள். 1993-இல் டேனியல் கானமனும் உடன் ஆய்வு செய்தவர்களும், ஆட்களின் கையை 14 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே ஒரு நிமிடம், கூடவே தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறிய இன்னொரு அரை நிமிடம். எதை மறுபடி செய்வீர்கள் என்றதும் பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். ஆகவே திரும்பும் நாளில் எந்த வேலையையும் வைக்காதீர்கள். வீடு திரும்பும் முன் எல்லோரும் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஆய்வுகளே இரண்டு விதமாகப் பேசுகின்றன. அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் எடுத்தவை குறைவாக நினைவிருந்ததாக லிண்டா ஹென்கல் 2014-இல் எழுதினார். படம் எடுப்பது ஈடுபாட்டைக் கூட்டுகிறது என்று 2016-இல் வேறொரு ஆய்வு சொன்னது. நான் ஒரு நாளைக்குப் பத்துப் படம் என்று வைத்திருக்கிறேன். வந்தபின் அதில் மூன்றை அச்சிட்டு நோட்டில் ஒட்டிவிடுவேன். பேச்சுக்கு அதுதான் பிடி. பேசினால்தான் அந்த நாள் உயிரோடு இருக்கும்.

மிச்சம் சில

நேரத்தை வாங்குவதும் நல்ல செலவுதான். ஆஷ்லி வில்லன்ஸ், எலிசபெத் டன் முதலானோர் 2017-இல், வேலைக்குப் போகும் அறுபது பேரிடம் ஒரு வார இறுதியில் 40 டாலர் கொடுத்து நேரம் மிச்சமாகும்படி செலவழிக்கச் சொன்னார்கள், இன்னொரு வார இறுதியில் அதே தொகைக்குப் பொருள் வாங்கச் சொன்னார்கள். நேரம் வாங்கிய நாளில்தான் மனசு லேசாக இருந்தது. மிச்சமான நேரத்தில் என்ன செய்வீர்கள் என்பதையும் முன்பே எழுதிவையுங்கள், இல்லையென்றால் அது போனைப் பார்ப்பதில் கரைந்துவிடும்.

சின்னப் பொருள்களை வெறுக்காதீர்கள். ஆரன் வைட்மன், டன் இருவரின் 2016 ஆய்வில், அனுபவம் தந்த மகிழ்ச்சி ஆழமாகவும், பொருள் தந்தது அடிக்கடி வருவதாகவும் இருந்தது. என் மேஜைமேல் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. தினமும் ராத்திரி அதைப் போட்டதும் ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது. அதன் எதிரே மூன்று வருஷமாக ‘ஆம்’தான்.

அடுத்த மாதப் பக்கத்தில் ஒரு வரி ஏற்கெனவே எழுதி, பணமும் கட்டியாகிவிட்டது: அப்பா, கடல், இரண்டு நாள், ஒரே இடம். போன தடவை அலைச் சத்தம் உங்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காதே என்று அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கேட்கவே இல்லம்மா. நீங்க எல்லாம் சத்தம்னு சொன்னீங்க, நானும் சத்தம்னு சொன்னேன்” என்றார். இரண்டு நாளாகக் காது மிஷினுக்கு மாற்று பேட்டரி வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.